தம்பியின்ர இடுப்பு ஏழு மாசத்தில ஏழரை இஞ்சி கூடிட்டுது. குளிசையை நிப்பாட்டலாமோ?

தையலக்கா_கோண்டாவில்:

வணக்கம். இஞ்ச வாசிக்கிறதோட சரி, எழுதினதில்லை. நீளமாப் போனால் குறை நினைக்காதேங்கோ.

நான் வீட்டிலயே தைக்கிறனான். சட்டை, பள்ளிக்கூட வெள்ளை யூனிபோர்ம், லோங்ஸ் இடுப்புப் பிடிக்கிறது, விடுறது. தம்பிக்கு 22 வயது, கம்பஸில ரெண்டாம் வருசம். போன வருசக் கடைசியில முதல் நித்திரை குழம்பினது. பிறகு மதிலுக்கு அங்கால நிண்டு ஆரோ தன்னைப் பற்றிக் கதைக்கினம் எண்டான். பிறகு சாப்பாட்டில என்னவோ கலந்திருக்கு எண்டு அம்மா சமைச்ச ஒண்டையும் தொடேல்லை. பக்கற்றில வாற பிஸ்கட் மட்டும் தின்பான், அதுவும் தானே உடைச்சால்தான். அம்மா கோப்பையோட அறை வாசலில நிப்பா. அவன் கதவைத் திறக்க மாட்டான். சோறு ஆறிப்போய் நாய்க்குப் போகும்.

ஒரு மாதிரிக் கதைச்சுக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினம். ஒலன்சபின் எண்ட மனநோய்க் குளிசை 15 மில்லிகிராம், இரவில ஒருக்கா. மூண்டாம் கிழமை ஒரு பின்னேரம் "அம்மா, இன்னும் கொஞ்சம் புட்டு இருக்கோ" எண்டு கேட்டான். அம்மா குசினிக்குள்ள போய் அழுதுபோட்டுத்தான் கொண்டுவந்து வைச்சவ.

அந்த "இன்னும் கொஞ்சம்" அதுக்குப் பிறகு நிக்கேல்லை. இரவு ஒரு மணிக்குச் சட்டி மூடி திறக்கிற சத்தம் கேக்கும். எழும்பிப் போனால் லைற்றும் போடாமல் நிண்டு, பகல் சோத்தைக் குழம்பும் இல்லாமல் அள்ளித் தின்னுறான். என்னைக் கண்டால் கையைப் பின்னுக்கு மறைப்பான். அம்மாவால "காணும் ராசா" எண்டு சொல்ல ஏலாது. ஒரு காலம் தன்ர கையால வாங்கித் தின்னாத பிள்ளை. எப்பிடிச் சொல்லுவா?

சனங்கள் வந்து பாத்திட்டு "பெடியன் நல்லாத் தேறிட்டான், முகம் மினுங்குது" எண்டு போகினம். சின்னம்மா மட்டும் "ஏழரைச் சனி விட்டுது" எண்டா. விட்டது உண்மைதான். ஆனால் ஏழரை இஞ்சியா விட்டிருக்கு. ஜனவரியில நான் தைச்ச லோங்ஸ் இடுப்பு 29. போன கிழமை ரேப் பிடிச்சன், 36½. நிறை 58 கிலோவில இருந்து 73.

பிரச்சினை இதுதான். அந்தப் பழைய லோங்ஸின்ர இடுப்பை விட எடுத்தனான். முன்னுக்கு ஒரு குட்டிப் பொக்கற் இருக்கே, காசுக் குத்தி போடுறது. அதுக்குள்ள ஆறு குளிசை. ரெண்டு வேர்வையில கரைஞ்சு நூலோட ஒட்டியிருக்கு. கேட்டன். சத்தம் போடேல்லை, மெசினை நிப்பாட்டிப்போட்டுத்தான் கேட்டன். "போனில பாத்தனான் அக்கா. இது சுகர் தரும். அப்பா காலோட பட்ட பாட்டை நான் பாத்தனான்தானே" எண்டான். எங்கட அப்பா சுகரிலதான் போனவர். முதல் விரல், பிறகு முழங்காலுக்குக் கீழ.

சந்தியடி லாப்பில வெறுவயித்தில ரத்தம் குடுத்தம். சுகர் 114. சுகரின்ர மூண்டு மாசச் சராசரி (HbA1c எண்டுறது) நூற்றுக்கு 6.0. ரைகிளிசரைட் 212, நல்ல கொலஸ்ரோல் 34. பிறசர் 124/80, அது பரவாயில்லை எண்டவை.

காட்டிற இடத்தில ஏழு மாசமா ஒருக்காவும் நிறை போடேல்லை. தராசு இல்லாமல் இல்லை. மூலையில இருக்கு, அதுக்கு மேல ஃபைல் அடுக்கியிருக்கு. "குரல் கேக்குதோ, நித்திரை வருதோ, சரி, அடுத்த மாசம் வாங்கோ." அவ்வளவுதான். அவையைக் குறை சொல்லேல்லை, வரிசை கேற் மட்டும் நிக்குது.

நான் கேக்கிறது: இது குளிசையாலயோ, வருத்தத்தாலயோ, அப்பாவின்ர பரம்பரையோ? குளிசையை நிப்பாட்டினால் என்ன நடக்கும்? அம்மாவுக்கு நான் என்னத்தைச் சொல்ல?

—

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி:

பிள்ளை, முதல் விசயம். நிப்பாட்டாதேங்கோ. பாதியா உடைச்சுக் குடுக்கிறதும் வேண்டாம். நான் 31 வருசம் நேர்ஸ் வேலை, அதில 11 வருசம் மனநல வாட். "மெலியட்டும் எண்டு விட்டனான் மிஸ்ஸி" எண்டு திரும்பி வந்த பிள்ளையள் கனபேர். ரெண்டாந்தரம் வந்தால் முதல்தரம் மாதிரிக் கெதியா எழும்பாயினம்.

ரெண்டாவது, பொக்கற் குளிசையைப் பற்றி டொக்டருக்குச் சொல்லத்தான் வேணும். ஏன் தெரியுமே? சொல்லாட்டி, அவர் தம்பியை நிதானமில்லாமல் கண்டால் "15 காணேல்லை, 20 ஆக்குவம்" எண்டு கூட்டிவிடுவார். குடிக்காத குளிசைக்கு டோஸ் கூட்டினால் நிறைக்குத்தான் நட்டம். ஆனால் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதேங்கோ. அவன்தான் சொல்ல வேணும், நீங்கள் பக்கத்தில இருங்கோ. அவன் குற்றம் செய்யேல்லை. பயந்திருக்கிறான். பயந்த காரணமும் சரியான காரணம்.

தராசுக்கு மேல ஃபைல் எண்டதை வாசிக்கச் சிரிப்பும் வந்துது, வெக்கமும் வந்துது. 2004 இலேயே அமெரிக்காவில நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவச் சங்கமும் சேர்ந்து எழுதி வைச்சது: இந்த வகைக் குளிசை தொடங்க முதல் நிறை, இடுப்பு, பிறசர், வெறுவயித்துச் சுகர், கொழுப்பு எல்லாம் பாக்க வேணும்; நிறையை நாலாம், எட்டாம், பன்னிரண்டாம் கிழமையில திரும்பப் போட வேணும்; பன்னிரண்டாம் கிழமை சுகரும் கொழுப்பும் திரும்ப. நிறை நூற்றுக்கு அஞ்சு பங்கு கூடினாலே மருந்தை மாத்திறதைப் பற்றி யோசிக்கச் சொல்லியிருக்கு. உங்கட தம்பிக்கு அது 61 கிலோ. அவன் 61 ஐத் தாண்டினது அம்மா சந்தோசமாப் புட்டுப் போட்டுக்கொண்டிருந்த காலத்திலயாத்தான் இருக்கும்.

உங்கட ரேப்பில ஒரு சின்னப் பிழை, தையல்காரிக்கு நான் சொல்லக்கூடாதுதான். லோங்ஸ் கட்டிற இடத்தில பிடிச்சிருப்பியள். எங்களுக்கு வேண்டியது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேல் விளிம்புக்கும் நடுவில, மூச்சை விட்ட கையோட. எங்கட ஆக்களில ஆம்பிளைக்கு 90 சென்ரிமீற்றர், அதாவது முப்பத்தஞ்சரை இஞ்சி, எல்லை. பொம்பிளைக்கு 80. இடுப்பு, ரைகிளிசரைட், நல்ல கொலஸ்ரோல், சுகர், பிறசர் எண்டு அஞ்சில மூண்டு பிழைச்சால் மெற்றபொலிக் சின்ட்ரோம் எண்டினம். தம்பிக்கு நாலு. சுகர் இன்னும் வருத்தமா வரேல்லை, படலையில நிக்குது. 126 இல உள்ளுக்கு வரும்.

சுகர் கிளினிக் கொப்பி வேற, மனநலக் கொப்பி வேறயா இருந்தால் ரெண்டையும் ஒரே பையில கொண்டுபோங்கோ. லாப் துண்டை மேசையில விரிச்சு வையுங்கோ. கேக்காமல் வைக்கிறதுதான் வேலை செய்யும்.

இரவில அவனுக்கு ஏதும் தாங்கேலாமல் வந்தால் 1926, இலங்கையின்ர தேசிய மனநல உதவி இலக்கம்.

—

மாவை_விட்டவன்:

அக்கா, இவ்வளவு குழம்ப வேண்டியதில்லை. சோறு, புட்டு, இடியப்பம், பாண் எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. முட்டை, மீன், தேங்காய்ப்பால், நெய். நான் 14 கிலோ குறைச்சனான், மனசும் கண்ணாடி மாதிரி. ஸ்ரான்ஃபோர்டில 2024 இல 21 பேருக்கு நாலு மாசம் கீற்றோ, அதான் இந்த மாவைக் குறைச்சுக் கொழுப்பைக் கூட்டிற சாப்பாடு, குடுத்துப் பாத்தவை, சிசோஃப்ரினியா, பைபோலர் ஆக்கள். நிறையும் குறைஞ்சது, மனமும் தெளிஞ்சது. மூளையின்ர வருத்தம் எல்லாம் சக்தி எரியிற இடத்திலதான் தொடங்குது எண்டு நான் நம்புறன். குளிசைக் கொம்பனிகள் இதைச் சொல்லாது. கொஞ்ச நாளில குளிசையே தேவைப்படாது.

—

கிளினிக்_கொப்பி_6:

மாவை அண்ணை, உங்கட கடைசி வரியை மட்டும் எடுத்துப்போடுங்கோ, ப்ளீஸ். அது மாதிரி ஒண்டை வாசிச்சுப்போட்டு நான் 2021 இல ஒருக்கா நிப்பாட்டினனான். பிறகு நாலு மாசம் எனக்கு ஞாபகமே இல்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

அக்கா, நான் தம்பியின்ர பக்கம் நிண்டு எழுதிறன். எனக்கு 27, ஆறு வருசமாக் குளிசை. முதல் ஒலன்சபின், இப்ப குளோசபின்.

அந்தப் பசி எப்பிடியெண்டு வெளியில இருக்கிற ஆக்களுக்குத் தெரியாது. வயித்தில இருந்து வாற பசி இல்லை. சாப்பிட்டு முடிச்சு, கை கழுவ எழும்பேக்கயே அடுத்தது எப்ப எண்டு மண்டைக்குள்ள ஓடும். வயிறு முட்டியிருக்கும், ஆனால் "காணும்" எண்டு சொல்லுற ஆள் உள்ளுக்க இல்லை. குளிசை குடிச்சு ஒரு மணித்தியாலத்தில உச்சம். நித்திரைக்கும் பசிக்கும் நடுவில ஒரு அரை மணித்தியாலம் இருக்கு, அதுதான் சட்டி மூடி நேரம். அவன் லைற் போடாதது பயத்தால இல்லை அக்கா. தன்னைத் தானே பாக்கக் கூடாது எண்டுதான்.

எனக்கு வேலை செய்ததைச் சொல்லுறன். குடிக்கிற சீனியை முதல் நிப்பாட்டினன். நெக்ரோ சோடா, மைலோ, மூண்டு கரண்டிச் சீனி போட்ட பால்த்தேத்தண்ணி நாளைக்கு அஞ்சு. சாப்பாட்டில கை வைக்க முதலே இது ஒண்டுதான் வித்தியாசம் காட்டினது. ரெண்டாவது, அந்த அரை மணித்தியாலத்துக்கெண்டே அம்மா ஏதும் வைப்பா. ஒரு கிண்ணம் அவிச்ச கடலை, இல்லாட்டி வெள்ளரிக்காய் உப்புத்தூள் போட்டு, காலத்துக்குப் பனங்கிழங்கு. ஒளிச்சுத் தின்ன வேண்டி வராதபடியால் சோத்துச் சட்டிக்குப் போறது குறைஞ்சுது. பிஸ்கட் ரின்னுக்குப் பூட்டு மட்டும் போடாதேங்கோ. எங்கட வீட்டில போட்டவை. நான் கடைக்குப் போனன், அவ்வளவுதான்.

நடை. ஒருத்தரும் "நட" எண்டு சொல்லி நான் நடக்கேல்லை. மச்சான் ஒருத்தன் ஒவ்வொரு பின்னேரமும் சைக்கிளோட வந்து படலையில நிண்டு மணி அடிப்பான். பண்ணைக் கடற்கரைக்குப் போய்த் திரும்புவம். கதைக்கக் கூட மாட்டம். கம்பஸ் பெடியள் ஆரும் ஒருத்தன் இருக்கிறானோ பாருங்கோ.

சிகரெட் பத்துவானெண்டால் அதையும் டொக்டருக்குச் சொல்ல வேணும். புகை ஒலன்சபினைக் கெதியா எரிச்சுப்போடும், திடீரெண்டு விட்டால் உடம்பில மருந்து ஏறும். எனக்கு இதை ஒருத்தரும் சொல்லேல்லை. விட்ட கிழமை முழுக்கக் கோழி மாதிரித் தூங்கினன்.

—

உரும்பிராய்_சிட்னி:

நான் இஞ்ச சிட்னியில உணவு ஆலோசகர் வேலை செய்யிறன். மனநலப் பிள்ளையளோடதான் கூட.

மாவை அண்ணை சொன்ன ஆய்வு உண்மை. ஆனால் அந்த 21 பேரும் குளிசை குடிச்சுக்கொண்டேதான் அந்தச் சாப்பாடு சாப்பிட்டவை. ஒப்பிட்டுப் பாக்க வேற குழுவும் இல்லை. பாக்கப்பட வேண்டிய விசயம்தான். யாழ்ப்பாணத்தில ஒரு அம்மா தனியாச் செய்து பாக்கிற விசயம் இல்லை. அதோட லிதியம் (பைபோலருக்குக் குடுக்கிற மருந்து) குடிக்கிற ஆக்கள் இதைக் கேக்காமல் தொடங்கினால் ஆபத்து. மாவை விட்ட முதல் நாட்களில உடம்பில தண்ணியும் உப்பும் இறங்கும், லிதியம் மேல ஏறும்.

தையலக்கா, நீங்கள் கேட்ட "குளிசையோ, வருத்தமோ, பரம்பரையோ". மூண்டும்தான் அக்கா, அதுதான் கரைச்சல்.

குளிசை: ஒலன்சபினும் குளோசபினும்தான் நிறையை ஆகக் கூட்டிறவை. செரொற்றோனின், ஹிஸ்ரமின் எண்டு மூளையில காணும் எண்டு சொல்ல உதவிற ரெண்டு இரசாயனம் இருக்கு, அதுகள் வந்து சேருற வாசலை இந்தக் குளிசையள் அடைக்குது. கொப்பி_6 தம்பி "உள்ளுக்க ஆள் இல்லை" எண்டு எழுதினதைப் பாடப் புத்தகம் இதை விட வடிவாச் சொல்லேல்லை. அதோட நிறை கூடாமலே இன்சுலினுக்கு உடம்பு மசியாமல் போறதும் உண்டு.

வருத்தம்: குளிசை ஒண்டும் தொடாத, முதல்முறை வருத்தம் வந்த ஆக்களிலேயே சுகர் கையாளுறது கொஞ்சம் பிசகியிருக்கிறதை 2017 இல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்துச் சொன்னவை. இங்கிலாந்தில பிரிஸ்ரல் பக்கம் 1991, 92 இல பிறந்த பிள்ளையளைத் தொடர்ந்து பாத்து வருகினம். ஒன்பது வயதில இருந்தே வெறுவயித்து இன்சுலின் உயர்ந்து நிண்ட பிள்ளையளுக்கு 24 வயதில சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேக்கிற, இல்லாததை நம்பிற வருத்தம்) வாற வாய்ப்புக் கூட எண்டு 2021 இல வந்தது. பருவம் அடையிற காலத்தில நிறை ஏறின பிள்ளையளில மனச்சோர்வு கூட. இதால அது வந்தது எண்டு ஒருத்தரும் அடிச்சுச் சொல்லேல்லை, ரெண்டும் ஒரே வேரில இருந்தும் வரலாம்.

பரம்பரை: லண்டனில ஹென்றி மோட்ஸ்லி எண்ட மனநல மருத்துவர் 1879 இலேயே எழுதினவர், மனநோய் இருக்கிற குடும்பங்களில நீரிழிவு அடிக்கடி தலைகாட்டும் எண்டு. அப்ப குளிசையே இல்லை. இந்த வருத்தத்துக்கெண்டு வந்த முதல் மருந்து, குளோர்ப்ரோமசின், 1952 இலதான். உங்கட அப்பாவின்ர சுகரையும் தம்பியின்ர வருத்தத்தையும் டொக்டர் ஒரே மூச்சில கேக்க வேணும், நீங்களும் ஒரே மூச்சில சொல்ல வேணும்.

இஞ்ச பொன்டாய் பக்கத்தில 14 முதல் 25 வயதுப் பிள்ளையளுக்கு, குளிசை தொடங்கின கையோடயே ஒரு நேர்ஸ், ஒரு உணவு ஆலோசகர், ஒரு உடற்பயிற்சி ஆள் எண்டு சேர்த்துவிட்டுப் பாத்தவை. 2016 இல முடிவு வந்தது. 12 கிழமையில அந்தப் பிள்ளையளுக்குச் சராசரி 1.8 கிலோ கூடினது, வழமையான கவனிப்பில இருந்த பிள்ளையளுக்கு 7.8. சின்ன ஆய்வு, 28 பேர்தான். ஆனாலும் எனக்கு அதில பிடிச்சது, "கூடினால் பாப்பம்" எண்டு இருக்கேல்லை.

மெற்போமின் எண்டு சுகர்க் குளிசை ஒண்டு, சுகர் வர முதலே இந்த நிறைக்குக் குடுக்கிறவை. ஏறினதை எல்லாம் இறக்காது, ஏறுறதைப் பிடிக்கும், கொஞ்சம் குறைக்கும். அரிப்பிப்ரசோல் மாதிரி நிறை குறைவாக் கூட்டிற மருந்துக்கு மெல்ல மாறுறதும் இருக்கு, ஆனால் எல்லாருக்கும் ஒத்துவராது. எது எண்டது டொக்டரும் தம்பியும் சேர்ந்து எடுக்கிற முடிவு.

அம்மாவுக்கு: புட்டைக் குறைக்கச் சொல்லாதேங்கோ, அவவின்ர நெஞ்சு வெடிக்கும். கோப்பையின்ர மற்றப் பக்கத்தைக் கூட்டச் சொல்லுங்கோ. முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், மீன். வெள்ளை மாப் புட்டுக்குக் குரக்கன் கலந்தால் நல்லம், ஆனால் குரக்கன் எண்டதுக்காக ரெண்டு குழல் தின்னலாம் எண்டு இல்லை. எங்கட ஆக்களுக்கு இந்த வியாதி உண்டு.

—

தையலக்கா_கோண்டாவில்:

எல்லாருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை போனம். என்ன நடந்தது எண்டு எழுதிறன்.

மிஸ்ஸி சொன்ன மாதிரி லாப் துண்டை விரிச்சு வைச்சன். அண்டைக்கு வேற டொக்டர், இளம் ஆள். தம்பியைத்தான் கேட்டவர். அவன் கொஞ்ச நேரம் நிலத்தைப் பாத்துப்போட்டு, பொக்கற்றில போட்டதைத் தானே சொன்னான். அவர் பேசேல்லை. "எத்தினை நாள் விட்டனீர்" எண்டு மட்டும் கேட்டு எழுதினார். பிறகு எழும்பிப் போய்த் தராசில இருந்த ஃபைலைத் தானே தூக்கிக் கதிரையில வைச்சார். 73.4.

இப்ப மருந்து மாத்தேல்லை. கம்பஸ் சோதினைக்கு ஆறு கிழமை இருக்கு, குரலும் நிண்டிருக்கு, இந்த நேரம் குழப்ப வேண்டாம் எண்டார். சோதினை முடிய மெல்ல மாத்திறதைப் பற்றிக் கதைப்பம், இப்ப மெற்போமின் 500, இரவுச் சாப்பாட்டோட. அப்பாவின்ர காலைப் பற்றி நான் சொல்ல முதல் அவரே கேட்டார். மூண்டு மாசத்தில திரும்ப ரத்தம்.

சின்னம்மா "22 வயதில சுகர்க் குளிசையோ, கலியாணம் பேசேலாதே" எண்டு தொடங்கினவ. தம்பி சிரிச்சான். கனநாளைக்குப் பிறகு.

அம்மாவோட கதைக்கிறதுதான் கஷ்டமாப் போச்சுது. குறைக்கச் சொல்லேல்லை, உரும்பிராய் அக்கா சொன்ன மாதிரித்தான் சொன்னன். ரெண்டு நாள் மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சா. மூண்டாம் நாள் பாத்தால் இரவு மேசையில ஒரு கிண்ணம், அவிச்ச கடலை, மேல தேங்காய்ச் சொட்டு, வட்டிலால மூடி. பக்கத்தில லைற்றும் எரியுது. அவனுக்கு ஒண்டும் சொல்லேல்லை. காலையில கிண்ணம் கழுவிக் கவிட்டிருந்துது.

பழைய லோங்ஸைத் திரும்ப இடுப்பு விட்டுக் குடுத்தன். கூட்டவும் குறைக்கவும் எண்டு உள்ளுக்க ரெண்டு இஞ்சித் துணி விட்டிருக்கு. அவன் போட்டுப் பாத்து, "அந்தக் குட்டிப் பொக்கற்றைத் தைச்சு மூடிவிடு அக்கா" எண்டான். மூடிவிட்டன்.

ஒரு கேள்வி. மெற்போமின் தொடங்கி நாலு நாளா வயித்தால போகுது. பயப்பிடுற விசயமோ?

—

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி:

முதல் ரெண்டு கிழமை அப்பிடித்தான் பிள்ளை. வெறுவயித்தில குடுக்காதேங்கோ, சாப்பாட்டின்ர நடுவில குடுங்கோ. நிக்காட்டி மெல்லக் கரையிற வகை ஒண்டு இருக்கு, டொக்டரிட்டக் கேளுங்கோ. தண்ணி கூடக் குடிக்கச் சொல்லுங்கோ. கனகாலம் குடிக்க வேண்டி வந்தால் ரத்தத்தில விற்றமின் பி12 ஐ இடைக்கிடை பாக்க வேணும்.

திங்கட்கிழமை காலையில, முகம் கழுவிப்போட்டு, தேத்தண்ணிக்கு முதல் நிறை போடுங்கோ. கிழமைக்கு ஒருக்காக் காணும், ஒவ்வொரு நாளும் வேண்டாம். இலக்கத்தை அவனையே எழுதச் சொல்லுங்கோ.